மணல் படத்துக்குத் தலைமை தாங்கினேன்

வீட்டுப் பூச்சு வேலைக்கு ரசீது இல்லாத ஆற்று மணல் ஒரு லோடு சொல்லிவிட்டு, ஏசி காற்று வாங்க ஸ்ரீரங்கத்தில் நடந்த இலவச ஆவணப்படத் திரையிடலுக்குப் போனேன்.

தலைமை தாங்க வேண்டியவர் வரவில்லை. என் வெள்ளை வேட்டியைப் பார்த்த அமைப்பாளர் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டார்.

படம் காவிரி மணல் கொள்ளையைப் பற்றியது. நழுவப் பார்த்தேன். "உக்காருங்க சார், முடிஞ்சதும் நாங்க எல்லாருமா வந்து உங்களை வீட்ல விட்டுடறோம்" என்றார் அமைப்பாளர்.

மனைவிக்குப் போன் செய்து, "மணல் லாரி வந்தா திருப்பி அனுப்பிடு" என்று பொன்னாடைக்குள் கிசுகிசுத்தேன்.

"ஏங்க, படம் பாக்கப் போனீங்களா, சாமியாராப் போயிட்டீங்களா?" என்றாள்.

இப்போது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான் வாங்குகிறேன். கொத்தனார் காரணம் கேட்டால், கொள்கை என்கிறேன். மனைவிதான் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறாள்.

- ஒரு வாசகர், திருவானைக்காவல்