கையெழுத்துக்குக் காத்திருந்த பிள்ளை

எங்கள் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோவைத் தொடவில்லை. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவனை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்கு எதிலும் முதலில் வருவது கோபம், பிறகுதான் மற்றதெல்லாம். அதுவும் கல்யாணமாகி எட்டு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

என் மனைவி கோபப்படவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பிழிந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். அதை நர்ஸ்மார் அவன் மூக்கில் செருகியிருந்த குழாய் வழியாக இறக்குவார்கள். முதல் நாள் ஒரு மில்லி போயிற்று. அதற்கு அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். மறுநாள் இரண்டு மில்லி. அதற்கும் சொன்னாள். மில்லிக்கு மில்லி நன்றி சொன்னால் கடவுள் வேறு வேலை பார்க்க வேண்டாமா என்று நான் கேலி செய்வேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

நாங்கள் மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். விசுவாசம் எங்கள் ரத்தத்தில் வந்தது என்று பெருமையடித்துக்கொள்வோம். என் விஷயத்தில் அது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாகத்தான் வந்தது. பாடகர் குழுவில் கனத்த குரல் எனக்கு. சபைச் செயலரும் நான்தான். 'ஆலயத்துக்குள் செல்போனை அணைத்து வைக்கவும்' என்று வாசல் கதவில் ஒட்டியிருக்கும் தாள்கூட என் கையெழுத்துதான். ஆராதனை நடுவில் யார் போனாவது மணியடித்தால் நான் திரும்பிப் பார்க்கிற பார்வைக்கு மனிதர்கள் பயப்படுவார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு.

ஐந்து வாரம் கழிந்தது. பையன் முழுப்பாலும் குடிக்கத் தொடங்கினான். சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாக, அவள் அவனை ஒரு மணி நேரம் வைத்திருக்க விட்டார்கள். இன்னும் பத்து நாளில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே நான் போதகருக்கு போன் பண்ணி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நன்றி செலுத்த வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து பலிபீடத்தின் முன்னால் முட்டங்கால் போட வேண்டும். வீட்டில் விளைந்தது எதையாவது காணிக்கையாக வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதை வெளியே ஏலம் விடுவார்கள். ஏலம் முடியும்வரை கொடுத்தவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"வீட்டுக்கு வந்தப்பொறவு செய்யலாமே. இப்பம் என்ன அவசரம்?" என்றாள் அவள்.

"ஏட்டி, அஞ்சு வாரமா சபை முழுக்க முட்டங்கால்ல நிக்குது. நன்றி சொல்லதுக்கு நாள் பாக்கணுமா?"

"நான் அவன விட்டுட்டு ஒரு எடத்துக்கும் போனதில்ல."

"மூணு மணி நேரம்தான். பால எடுத்து வச்சிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவள் மறுத்தாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் பேச்சை விட்டுவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு சபை முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை. எட்டு வருஷமாக எங்களைப் பார்த்து இரக்கப்பட்ட கண்களெல்லாம் அன்றைக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டும். அதோடு ஒரு கணக்கும் இருந்தது. முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டால் கடவுள் வாக்கு மாற மாட்டார் அல்லவா? கணக்கு வாத்தியார் புத்தி.

எங்கள் ஊர் தக்கலையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னால் விளைந்த மட்டி வாழைக்குலை ஒன்றைக் காணிக்கையாக வைத்தேன். எங்கள் பக்கம் குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம் அது. உள்ளே நுழையும்முன் என் போனையும் அவள் போனையும் நானே அணைத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போதகர் எங்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார். சபை எழுந்து நின்று பாடியது. நானும் முட்டங்காலில் இருந்தபடியே என் கனத்த குரலில் பாடினேன். அன்றைக்கு நான் நன்றாகப் பாடியதாகப் பலர் சொன்னார்கள்.

பிறகு ஏலம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குலையை எடுத்தார். எடுத்ததும், "பிள்ளைக்க பேருல திரும்பவும் ஏலம் போடுங்க" என்று கொடுத்துவிட்டார். இரண்டாவது எடுத்தவரும் அப்படியே. மூன்றாவதும். ஒரே சிரிப்பு, கைதட்டல். பாசத்தில் ஒருவரை ஒருவர் விடுவதாக இல்லை. என் மனைவி என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போலாமா?"

"இந்தா முடிஞ்சிரும்."

காரில் ஏறி போனை உயிர்ப்பித்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து பதினான்கு அழைப்புகள் வந்ததாகக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. அவளுடைய போனிலும் ஒன்பது. முதல் அழைப்பு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. திருப்பி அழைத்தேன். "குடல்ல ஓட்டை விழுந்திருக்கு, உடனே ஆபரேஷன் செய்யணும், எங்க இருக்கீங்க?" என்றார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சேலை முந்தியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தக்கலையில் வண்டி நகராமல் நின்ற நேரத்தில் நான் ஸ்டியரிங்கைக் கையால் அடித்து அடித்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடிக்கு ஓடி ஏறியபோது டாக்டர் கதவருகிலேயே நின்றார். குறை மாதக் குழந்தைகளுக்குச் சில சமயம் இப்படி ஆவதுண்டாம். காலையில் நன்றாக இருந்தவனுக்கு வயிறு உப்பிக் கறுத்துப் போயிற்றாம். சர்ஜன் உடை மாற்றி நிற்கிறார், கையெழுத்துதான் பாக்கி என்றார். நான் போட்டேன். பிள்ளைகளின் நோட்டில் தினமும் நூறு தடவை போடுகிற கையெழுத்து, அன்றைக்கு வரவில்லை. இரண்டாவது தாள் வாங்கிப் போட வேண்டியதாயிற்று.

அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த முடி ஈரமாக இருந்தது. கூடவே வந்த நர்ஸ், இனயம் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். தியேட்டர் கதவு மூடியதும் எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"எத்தற தடவ விளிச்சேன் அண்ணா. பிள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வந்துது. இப்பம் போயிருவான்னு நெனச்சேன். உங்க ஆளுவ ஒருத்தரும் இல்ல. ஞானஸ்நானம் இல்லாமப் போயிரக்கூடாதுன்னு நானே தண்ணி ஊத்திக் குடுத்திட்டேன். வாயில வந்த ஒரு பேரும் சொன்னேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் செய்ய வேண்டியத நீ செஞ்சிருக்க மக்கா."

அந்தச் சொல் என்னை நோக்கிச் சொன்னதல்ல. ஆனாலும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் எனக்குள்ளிருந்து வசைதான் வந்தது. நன்றி சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலா? முட்டங்காலில் இருந்தவனையா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அவள் பார்த்தாள்.

"நீங்க இப்பம் ஜெபிக்காண்டாம். அவருகிட்ட சண்ட போடுததுக்கு இது நேரமில்ல. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டாள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தே வைத்து, உதடு மட்டும் அசைய. நடுவில் ஒருமுறை எழுந்துபோய்ப் பால் பிழிந்துவிட்டு வந்தாள். அதைக் குடிக்கிறவன் திரும்பி வருவானா என்று தெரியாமலே பிழிந்தாள்.

அவன் வந்தான். குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மீதியின் முனையை வயிற்றுக்கு வெளியே வைத்துத் தைத்திருந்தார்கள். மலம் ஒரு சின்னப் பையில் இறங்கும். என் சுண்டுவிரல் நீளமுள்ள தொடை, அதற்கு மேலே அந்தப் பை. சர்ஜனைத் தனியாகப் பிடித்து, நாங்கள் அந்த ஒன்றரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிருந்திருக்காதா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார்" என்று தோளில் தட்டினார். அது உண்மையா இரக்கமா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு நாள் நின்று ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்திவிட்டு அழுதிருப்பேன். அவளோ மறுபடியும் ஒரு மில்லியிலிருந்து ஆரம்பித்தாள். பார்க்க வந்தவர்களில் ஒருவர், இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று தொடங்கினார். சோதனை வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா, இந்தக் கைப்பிடி உயிர்தான் கிடைத்ததா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் குடலைச் சேர்த்து மறுபடியும் ஓர் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேயே கிறிஸ்மஸ் கழிந்து புதுவருஷமும் கழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

என் அப்பா இறந்துபோனவர். அவர் பெயரைத்தான் மகனுக்கு வைக்க நினைத்திருந்தேன். போதகரிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்டேன். அவர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"தண்ணி ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லியாச்சுல்லா? அப்பம் அது ஞானஸ்நானம்தான் சார். ரெண்டாந்தடவ குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. அந்தப் பேரத்தான் நான் ரிஜிஸ்தர்ல எழுதணும்."

ஒரு வாரம் சண்டை போட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் பயத்தில் சொன்ன பெயர், எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு புனிதருடைய பெயர். என் மனைவியோ ஆபரேஷன் அன்றைக்கே அவனை அந்தப் பெயரால் கூப்பிடத் தொடங்கியிருந்தாள். கடைசியில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவனும் திரும்பிப் பார்த்தான்.

அவனுக்கு எட்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தவள், அந்த வயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"தண்ணி ஊத்தினப்பம் அவன் அழுதானான்னு அந்த நர்ஸ் பிள்ளட்ட கேட்டீங்களா?"

நான் நேரத்தைக் கேட்டேன், குடலின் நீளத்தைக் கேட்டேன், சபைச் சட்டத்தைக் கேட்டேன். இதை மட்டும் கேட்கவே இல்லை.

"எனக்குக் கேக்கப் பயமா இருக்கு. நீங்க கேளுங்க" என்றாள்.

மருந்து வாங்கப் போன அன்று மூன்றாம் மாடிக்கு ஏறி அந்த நர்ஸைப் பார்த்தேன். முதலில் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இதைக் கேட்டேன்.

"அழல்ல அண்ணா. அழுவதுக்கு அவனுக்குச் சீவன் இல்ல. கண்ண முழிச்சு அங்கோட்டும் இங்கோட்டும் பாத்தான். ஆரையோ தேடுன மாதிரி."

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேலே ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னைச் சுற்றிப் போனார்கள். அங்கே அழுகிறவர்களை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் அவன் இருந்தான்.

"உறங்கிட்டு இருந்தானாம். அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "அது போதும்" என்று சொல்லி அவன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இப்போதும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறேன். பாவ அறிக்கை ஜெபத்தில் அவளை வற்புறுத்தியதைச் சொல்வேன், ஏலத்துக்கு நின்றதைச் சொல்வேன், அந்தப் பெண்ணிடம் கத்தியதையும் சொல்வேன். அந்தப் பொய்க்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.