பெண்கள் பக்க அல்பம் வீடு மாறிய கதை

கலியாணப் படம் எடுக்கிறவர்களுக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் என்று இவர் சொல்லுவார். இவர் என்றால் என் கணவர். மதுரங்குளியில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. எங்கள் ஊர்க் கலியாணங்களில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் இவர் எடுப்பார், பெண்கள் பக்கம் நான். அங்கே தலைச்சால்வையைக் கழற்றி, பூ வைத்து, நகை போட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இருக்கிறவர்களை அந்நிய ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். என் கமராவின் கார்டை இவர்கூடத் தொட மாட்டார்.

ஏழெட்டு வருடமாக எடுத்த படங்களையும் வீடியோக்களையும் இணையத்தில் ஒரு தளத்தில் போட்டு, அங்கிருந்துதான் குடும்பங்களுக்குக் கொடுத்து வந்தோம். திடீரென்று ஒரு நாள், ‘நாங்கள் கடையை மூடுகிறோம், உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்கிற மாதிரி அந்தத் தளத்திடமிருந்து கடிதம் வந்தது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். அவசர அவசரமாகப் புதுத் தளம் ஒன்று பார்த்தோம், மூட்டை முடிச்சோடு கிளம்பினோம். உங்களில் யாராவது இப்படிக் குடிபெயர்ந்திருந்தால், நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றப் பாதி நடக்காமல் இருக்கட்டும்.

அங்கே யார் இருக்கிறார்கள்?

பழைய தளத்தில் பெண்கள் பக்க அல்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட் இருந்தது. அதை நான் எழுதி அனுப்பியதே கிடையாது. மணப்பெண்ணின் உம்மாவுக்குப் போன் எடுத்து வாயால் சொல்லுவேன். சில உம்மாமார் அதைப் பெற்ற மகளுக்கே சொல்ல மாட்டார்கள், அவ்வளவு பத்திரம்.

ஆகவே இடம் மாறுவதையும் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதுதான் மரியாதை என்று வரிசையாகப் போன் எடுத்தேன். பெரும்பாலானவர்கள் “சரி ராத்தா, சரி ராத்தா” என்று வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ராத்தா என்றால் அக்கா. கற்பிட்டியில் ஒரு மாமி மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகளின் கலியாணத்தை நான் எடுத்திருந்தேன். படங்கள் எங்கேயோ வெளிநாட்டில் பெரிய பெரிய கம்பியூட்டர்களில் இருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் விளக்கிய பிறகு அவர் ஒரு கேள்விதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“அதெல்லாம் சரி புள்ள, அந்த எடத்துல வேல செய்றவங்க பொம்புளயா, ஆம்புளயா?”

நாலு சஹன்

புதுத் தளத்துக்கு ஒரு கெட்டித்தனம் இருந்தது. முகங்களைப் பார்த்து, ஒரே ஆளின் படங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைக்கும். ‘இவர் வந்த படங்கள்’ என்று ஆளுக்கொரு கட்டு. ஆயிரம் படத்தில் தன் மூஞ்சியைத் தேடிக் களைக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி என்று நாங்களும் மகிழ்ந்து போனோம்.

எங்கள் விருந்துகளில் சஹன் வைப்போம். ஒரு பெரிய தட்டில் புரியாணி, சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ஒரு கலியாணத்தின் ஆண்கள் பக்க அல்பத்தைப் புதுத் தளத்தில் போட்டதும், அது மணமகனின் பெரிய மாமாவை அக்கறையாகக் கட்டு கட்டியது. முதல் பந்தியில் ஒரு சஹனில் இருக்கிறார். அடுத்த படத்தில் வேறு ஐந்து பேரோடு இன்னொரு சஹன். அதற்குப் பிறகும் இரண்டு. தொப்பி அதே தொப்பி, சேர்ட்டில் கறை மட்டும் படத்துக்குப் படம் கூடிக்கொண்டு போகிறது. இவரே எடுத்த படங்கள்தான், இவருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த மாமாவின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது.

“நாலு சஹன்ல தின்டது எனக்குக் கவல இல்ல ராத்தா. சீனி வருத்தம் எண்டு வீட்டுல நான் சுட்டுக் குடுக்கிற குரக்கன் ரொட்டிய ஒரு நாளாவது இப்பிடிச் சிரிச்சிட்டுத் தின்டிரிக்காரா?”

சவ வீட்டுக்கு ஒரு பாட்டு

எத்தாளையில் திரேசா அக்காவின் கணவர் கடற்தொழிலாளி, காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பமாக ஒரு படம் எடுக்காமல் அடக்கத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். மகன் இத்தாலியில் இருந்தான், வர முடியவில்லை. அவன் பார்ப்பதற்காகவே எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள். இவர் போய் எடுத்தார். நான் புதுத் தளத்தில் போட்டு, மகனுக்கு அனுப்பினேன்.

அந்தத் தளம் பூக்களைப் பார்த்தது, வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது. யாரும் கேட்காமலேயே படங்களைக் கோத்து ஒரு குட்டிப் படம் செய்து, துள்ளல் இசை போட்டு, மேலிருந்து இதயங்களைக் கொட்டி, ‘மறக்க முடியாத கொண்டாட்டம்’ என்று தலைப்பும் வைத்து அல்பத்தின் முகப்பில் மாட்டிவிட்டது. இது எனக்குத் தெரிய முன்னரே மகன் பார்த்துவிட்டான். ஒரு வீட்டின் துக்கத்தில் போய் மேளம் அடித்துவிட்டு வந்த மாதிரி வெட்கம். திரேசா அக்காவுக்குப் போன் எடுத்து, அழித்துவிடுகிறேன் அக்கா, நான் செய்ததில்லை, அது தானாகச் செய்தது என்று உளறினேன்.

“அழிக்க வேணாம் தங்கச்சி. அந்த மனுசன் வெள்ளன எழும்பிக் கடலுக்குப் போறதும் வந்து படுக்கிறதுமாத்தான் இருந்தவர், ஒரு நாள் இருந்து ஒரு பாட்டுக் கேட்டதில்ல. இதையாச்சும் கேக்கட்டும்.”

நான் சொன்ன ‘ஓம்’

இனிச் சொல்லப் போவது எனக்கு லேசில் வருகிற கதை இல்லை. மதுரங்குளியிலேயே ஒரு கலியாணம். மணப்பெண்ணின் மூத்த சகோதரி நஸ்மியா, புத்தளத்தில் கட்டிக் கொடுத்த பிள்ளை. கொழும்பில் மருந்து ஏற்றி, முடி முழுவதும் கொட்டி, அப்போதுதான் ஒரு விரற்கடை முளைத்திருந்தது. நோய் என்னவென்று கணவருக்கும் உம்மாவுக்கும்தான் தெரியும். மாமியார் வீட்டுக்குச் சின்னக் கட்டி ஒன்றை எடுத்தது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பாவம் பார்க்கிற கண்களைத் தன்னால் தாங்க ஏலாது என்று நஸ்மியா என்னிடம் சொன்னாள். பெண்கள் அறையில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் கதவைச் சாத்திவிட்டு, சால்வையைக் கழற்றினாள். ஒரு படம் எடுங்க என்றாள். எடுக்க முன்னர், “இது பூட்டித்தானே இரிக்கும் ராத்தா?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

அந்த அல்பத்தைத்தான் புதுத் தளத்துக்கு மாற்றினேன். பழைய இடத்தில் போட்ட பூட்டு தானாகக் கூடவே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. புது இடத்தில் ஒவ்வொரு அல்பத்தையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் லிங்க் கிடைத்த யாரும் உள்ளே போகலாம். நான் அதைப் பார்க்கவே இல்லை. மணப்பெண்ணின் உம்மாவுக்கு ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று என்று இரண்டு லிங்க் அனுப்பினேன். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இங்கிலிஷ் எழுத்துக் குப்பை. அவர் ஆண்கள் பக்கத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதாக நினைத்து மற்றதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். நஸ்மியாவின் மாமியார் வீட்டாரும் அதே குரூப்பில்தான். பழைய தளமென்றால் மாறி அனுப்பினாலும் பாஸ்வேர்ட் காப்பாற்றியிருக்கும்.

அதே குரூப்பில் இருக்கிற, கட்டாரில் வேலை செய்கிற மணப்பெண்ணின் மச்சான் பொடியன் ஒருவன்தான் எனக்கு முதலில் செய்தி போட்டான்: “ராத்தா, பொம்புளப் பக்கம் திறக்குது. நான் மூணாவது படத்தோட போனக் கவுத்துப் போட்டுட்டன். கெதியா மூடுங்க.” மூடினேன். அதற்குள் பதினாலு பேர் போய் வந்திருந்தார்கள். யார் யார் என்று தளம் சொல்லவில்லை. அந்தப் படத்தை நினைத்து நான் அடுப்படியில் நின்று அழுதேன். இவர் வந்து என்ன என்று கேட்டார். காட்டக் கூடாத படம் ஒன்று வெளியே போய்விட்டது, நஸ்மியாவுடையது என்று மட்டும் சொன்னேன்.

“என்ன படம் எண்டு எனக்குச் சொல்ல வேணாம். வேற ஆள் சொல்ல முந்தி அந்தப் புள்ளக்கிட்ட நீயே போய்ச் சொல்லு.”

புத்தளம் வீட்டில்

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். வழியெல்லாம் தளத்தின் மேல் பழி போடுகிற மாதிரி வசனங்களை அடுக்கிப் பார்த்தேன். அவள் முகத்தைக் கண்டதும் ஒன்றும் வரவில்லை. நான் பூட்டவில்லை, பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை, உனக்கு ஓம் சொன்னவள் நான் என்று சொல்லிவிட்டேன். படத்தை அழிக்கவா என்றும் கேட்டேன்.

நஸ்மியா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பின்பக்கத்தில் மாமியார் மீன் வெட்டிக்கொண்டு இருக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“காலைல மீன் வெட்டக் குந்தினன். மாமி ஒரு கதையும் இல்லாம வந்து கைல இருந்த கத்திய வாங்கிட்டா. இந்தக் கத்திய யாரும் வாங்கிடக் கூடாதெண்டுதான் ராத்தா நான் இவ்வளவு நாளும் மறைச்சது.”

திறக்காத லிங்க்

அதன் பிறகு பெண்கள் பக்க அல்பங்கள் அத்தனையையும் தளத்தில் யாரும் பார்க்க முடியாதபடி நிறுத்தி வைத்தேன். இனி இந்த வேலையே வேண்டாம், கார்டை அப்படியே உம்மாமாரின் கையில் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். பத்து நாள் கழித்து, கடை திறந்த கையோடு நஸ்மியா வந்து நின்றாள். படத்தை அழித்துவிடச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் அல்பத்தைப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். புது பாஸ்வேர்டைக் காதில் சொன்னேன். தன்னுடைய போனில் அந்தப் படத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். நல்லாத்தான் இரிக்கன் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். மாமி எப்படி என்று கேட்டேன். இன்னும் கத்தி தரவில்லை, நான் வேறொன்று வாங்கிவிட்டேன் என்றாள். இரண்டு பேரும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெட்டுகிறார்களாம்.

பிறகு மற்ற லிங்க்குகளையும் ஒவ்வொன்றாகத் தனக்கு அனுப்பச் சொன்னாள். நான் பூட்டுவேன், அவள் அந்நிய ஆள் மாதிரி உள்ளே போகப் பார்ப்பாள், பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும், அடுத்தது. ஒரு இடத்தில் திறந்துவிட்டது. என் உயிரே போய் வந்தது. அது ஒரு ஆண்கள் பக்க அல்பம், நான் மாறி அனுப்பியிருந்தேன். பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லும்வரை இருந்து கடைசி அல்பத்தையும் தட்டிப் பார்த்தாள். அது திறக்கவில்லை என்றதும் நான் அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டேன். அவள் என்னைப் பார்த்து, அந்தக் கலியாண நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கதவு திறக்காட்டி சந்தோசப்படுற ஒரே யாவாரம் உங்கடதுதான் ராத்தா.”

படங்களைக் காட்டுவதுதான் என் தொழில் என்று நினைத்துக் கமராவைத் தூக்கியவள் நான். காட்டாமல் இருப்பதற்குத்தான் இந்தப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள் என்பது, காட்டக் கூடாததைக் காட்டித் தொலைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.