முனியாண்டி கோயிலில் முளைத்த பார்த்தீனியம்

மதியம் மூன்று நாற்பதுக்கு அது என் கண்ணில் பட்டது. காரின் பின் இருக்கையில் என் மகள் நிலாவின் இன்ஹேலர் கிடந்தது. அவளோ கோப்பெங் தாண்டியுள்ள பழைய ரப்பர் தோட்டத்துக்குள் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் தேடிப் போனது பார்த்தீனியத்தை. எங்கள் கோயம்புத்தூரில் ரயில் பாதையோரமெல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்குமே, அதேதான். ஏழு வயதில் அவளுக்கு மூச்சிளைப்பு வந்தது அதனால்தான் என்றார் மருத்துவர். அந்தச் செடி அண்டாமல் அவளை வளர்த்தேன். அவள் அதையே ஆராய மலேசியா வந்துவிட்டாள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும் வந்தேன்.

ஈப்போவிலிருந்து இருபது கிலோமீட்டர். வீடுகளுக்குப் பின்னாலேயே செங்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள். வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களெல்லாம் இப்போது குளங்கள். வழியில் இரண்டு ரிங்கிட்டுக்குத் தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர். தோட்டத்தில் குடியிருப்பு இல்லை, முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். வெளியூர் போனவர்கள் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்களோடு வருகிறார்கள்.

“கெடா லாரியில வரும்க்கா, கூடவே தழைக்கட்டும் வரும். தின்னது போக மிச்சத்த வெதையோட அங்கனயே கொட்டிட்டுப் போயிருவாங்க. சாமிக்கு இந்தச் செடிய நாமதான் கூட்டியாந்தோம் போல லா,” என்று சிரித்திருந்தார் ஓட்டுநர் மணியம்.

இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதை சிறிது தூரத்திலேயே மறைந்துபோனது. ஒரு கொடி மரங்கள் மேல் போர்வையாகப் படர்ந்து, தரையையும் மூடியிருந்தது. இதுவும் வேறு கண்டத்திலிருந்து வந்ததுதான் என்று நிலா சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம் போயிருப்பாள்? கைப்பேசியில் சிக்னல் இல்லை.

“நிலா! நிலா!”

“அக்கா, நீங்க போடுற சத்தத்துல முனியாண்டியே எந்திரிச்சி வந்துருவாரு,” என்றார் பின்னால் வந்த மணியம்.

“சிரிக்காதீங்கண்ணா. அவளுக்கு மூச்சு...” என்று இன்ஹேலரைக் காட்டினேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் இறங்கிக் கொடியை விலக்கத் தொடங்கினார்.

அப்போது எங்களுக்குப் பின்னால், கார் நின்ற செம்மண் சாலையில், மோட்டார் சைக்கிள் சத்தம். கோயிலைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்கா ஓட்டிவந்தார். பின்னால் முகக்கவசத்தோடு நிலா, மடியில் வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பை.

“கொடியில வழி தெரியலம்மா, அதான் சுத்தி வந்தோம். ஆடு கட்டற இடத்துல மட்டும்தான் இருந்துச்சு. இன்னும் பூக்கல. வேரோட பிடுங்கிட்டோம்!” என்றாள் நிலா.

எங்கள் ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே மொத்தமும் ஒரு பைக்குள் அடங்கியிருந்தது. நான் பையைப் பார்க்கவில்லை. ஏழு வயதில் வைத்ததுபோல் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். மூச்சு சீராக ஏறி இறங்கியது. ஆனாலும் இன்ஹேலரை அவள் கையில் திணித்தேன்.

சரோஜா அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

“மூச்சுக்கு என்னா கொறச்சல்? வழியெல்லாம் வாய் மூடல லா. அடுத்த திருவிழாவுக்குக் கெடா வரலாம், தழைக்கட்டு வரக்கூடாதுன்னு முனியாண்டிகிட்டயே கண்டிசனா சொல்லிட்டு வந்திருக்கு ஒங்க பொண்ணு.”