ரெஜினா அம்மாவின் கண்ணும் ஒரு விகாம் எண்ணும்

கோளாறு நான் பழுதுபார்த்த கருவியில் இருந்தது. நானோ, "கோளாறு உங்கள் கண்ணில்" என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன். அவர் அதை நம்பினார். அந்த நம்பிக்கையால் அவருடைய பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது. தெரிந்தே பொய் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் இருந்தது. திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. பச்சை ஸ்டிக்கர்

இயற்பியல் படித்துவிட்டு, ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் கேலிப்ரேஷன் பிரிவில் இருந்தேன். பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பச்சை ஒட்டிய கேஜை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு வில்லியனூரில், உரக்கடைக்குப் பக்கத்து அறையில் சர்வீஸ் கடை போட்டேன். போன், டேப்லெட், எப்போதாவது மின்புத்தகம் படிக்கும் ஈ-ரீடர் ஒன்று. அங்கேயும் பழக்கம் விடவில்லை. வேலை முடிந்த எல்லாவற்றின் முதுகிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுப்பேன். சனங்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

2. மழைத்தண்ணி குடித்த ஈ-ரீடர்

ரெஜினா அம்மா ஊசுட்டேரிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர்தான். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொல்லி, தினமும் சொட்டு மருந்து போட்டு வந்தார். அச்சுப் புத்தகத்தின் சின்ன எழுத்தை அவர் படித்துப் பல வருடம் ஆகியிருந்தது. பிரான்சிலிருந்த மகன் ஒரு ஈ-ரீடர் அனுப்பினான். வாசகத்தை அங்கிருந்தே அதில் ஏற்றியும் விடுவான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இவர் பலிபீடத்துப் பக்கம் நின்று வாசிப்பார்.

அந்தக் கருவியோடு கணவனும் மனைவியுமாக வந்தார்கள். கணவர் சவரிநாதன், கரும்பு போடுகிறவர்.

"சார், இதுக்கு இன்னா நோயின்னு பாருங்க. மழத்தண்ணி குடிச்சிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார்.

"அது தானா குடிக்கல சார்" என்றார் ரெஜினா அம்மா. "இவருதான் வண்டி முன்னால மாட்டிக்கினு, மழையில நனச்சிக்கினு வந்தாரு. கண்ணு தெரியாதவ நானா, இவரா?"

"ஒங் கண்ணு நல்லா இருந்திருந்தா என்னையக் கட்டியிருப்பியாடி?"

மூவருமே சிரித்தோம். பிரித்துப் பார்த்தால் மதர்போர்டு போயிருந்தது. ஸ்கிரீன் நன்றாக இருந்தது. அதே மாடலில் ஸ்கிரீன் உடைந்த கருவி ஒன்று சென்னையில் கிடைத்தது. அதன் போர்டை எடுத்து இவர் ஸ்கிரீனோடு சேர்த்தேன்.

தவறு நடந்த இடம் இதுதான். ஈ-ரீடர் ஸ்கிரீனுக்குள் கருப்பும் வெள்ளையுமாகப் பொடி மிதக்கிறது. மின்சாரம்தான் அதை மேலும் கீழும் தள்ளி எழுத்தாக்குகிறது. இந்த வேலைக்கு அடிப்படையாக ஒரு வோல்டேஜ் உண்டு. அதை விகாம் என்போம். ஒரே மாடலாக இருந்தாலும் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் அது மாறும். ஸ்கிரீனின் பின்புறம், ரிப்பன் கேபிள் பக்கத்தில், அந்த எண்ணைப் பொடி எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். போர்டு அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். போர்டை மாற்றினாலும் ஸ்கிரீனை மாற்றினாலும் ஸ்கிரீனின் எண்ணைப் பார்த்துப் போர்டில் புதிதாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் கருப்பு சாம்பலாகும். புரட்டிய பக்கத்தின் எழுத்து நிழலாக நின்றுவிடும். நாளாக ஆக மோசமாகும்.

இவர் கருவியில் ஸ்கிரீன் ஃபிரேமோடு பசைபோட்டு ஒட்டியிருந்தது. எண்ணைப் பார்க்க வேண்டுமானால் சூடு காட்டி அதைத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி கொஞ்சம் வளைந்தாலும் விரிசல் விடும். வேறு ஸ்கிரீன் கையில் இல்லை. பழைய போர்டும் செத்துவிட்டதால் அதிலிருந்து எண்ணைப் படிக்க முடியவில்லை. சோதனைப் பக்கத்தை ஓட்டிப் பார்த்தேன். கருப்பு ஏதோ பரவாயில்லை என்று பட்டது. வேறொரு ஸ்கிரீனுக்கு உரிய எண்ணைப் போர்டில் அப்படியே விட்டுவிட்டு, முதுகில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினேன்.

3. பாஸும் பெயிலும்

சில வாரம் கழித்து இருவரும் திரும்ப வந்தார்கள்.

"சார், எழுத்து சாம்பலா இருக்குது. முன்னப் பக்கத்து எழுத்து பேய் மாரி பின்னாலயே நிக்குது" என்றார் ரெஜினா அம்மா.

வாங்கிப் பார்த்தேன். நிழல் இருந்தது. திரையை ஒருமுறை முழுதாகத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அந்த நேரத்துக்கு நிழல் போனது. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்கிரீனைத் தூக்கினால் உடையுமே என்ற பயம் ஒரு பக்கம். எனக்கே சொல்லிக் கொடுக்கிறார்களே என்ற எரிச்சலும் இருந்தது, அதை மறைப்பானேன்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா. பச்சை ஒட்டிக் குடுத்திருக்கேனே. கண்ணுல பிரஷர்னு சொன்னீங்க இல்ல, அது கூடியிருக்கும்" என்றேன்.

சவரிநாதன் மனைவியின் தோளைத் தட்டினார். "கேட்டுக்கினியா? மிஷினு பாஸு. நீதான் பெயிலு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரெஜினா அம்மா கருவியைப் பைக்குள் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

4. அரியாங்குப்பத்திலிருந்து வந்தது

ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் அதே மாடலைக் கொண்டுவந்தார். ஸ்கிரீன் உடைந்திருந்தது. புது ஸ்கிரீன் வரவழைத்தேன். அது ஃபிரேமில் ஒட்டாமல் தனியாக வந்ததால் எண் கண்ணெதிரே இருந்தது. போர்டிலிருந்த எண்ணுக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம். புது எண்ணை எழுதுவதற்கு முன் பழைய எண்ணோடே ஒரு பக்கத்தை ஓட்டிப் பார்த்தேன். எழுத்து சாம்பலாக வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முந்தைய எழுத்து பின்னால் நின்றது.

ரெஜினா அம்மா சொன்ன அதே பேய்.

சரியான எண்ணை எழுதினேன். எழுத்து மை தொட்டு வைத்தது போல ஆனது. அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை. சவரிநாதனுக்குப் போன் போட்டேன்.

"அது பீரோ மேல கெடக்குது சார். அவ இப்பல்லாம் படிக்கறது இல்ல. கோயில்லயும் வேற ஆள் வாசிக்கறாங்க" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ரெஜினா அம்மா முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விரலால் தடவித் தடவித்தான் எடுத்தார். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? ஒரு நாளு வுடாம சொட்டு போட்டேன். அப்பிடியும் எழுத்து மங்கிக்கினே போச்சு. போவறது போவத்தான் போவுது, எரிச்சல வேற எதுக்குத் தாங்கணும்னு மருந்த நிறுத்திட்டேன். போனா ஆபரேசன்னு சொல்லுவாங்க."

கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்கிரீனைச் சூடு காட்டித் தூக்கினேன். அது உடையவே இல்லை. எந்தப் பயத்தால் அதைத் தொடாமல் விட்டேனோ, அந்த வேலை ஒரு சின்ன வேலையாக இருந்தது. எண்ணை எழுதினேன். எழுத்து கருத்து வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

அவர் முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "ஐயோ, எவ்ளோ கருப்பா இருக்குது!" என்றார். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "ஆனா பாதி வரிதான் இருக்குது சார். மீதி எங்க?"

வரி முழுதாகத்தான் இருந்தது.

5. டாக்டர் அறையில்

நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா பார்த்து முடித்து, "மருந்த யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று சத்தம் போட்டார். ரெஜினா அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்போதும் அவருக்கு நடந்தது தெரியாது என்பதை அந்த இடத்தில்தான் உணர்ந்தேன். தன் கண்தான் மங்கியது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மூவருக்கும் முன்னால் நான் சொன்னேன். எண்ணை எழுதாமல் விட்டதையும், அவர் வந்து சொன்னபோது திறந்து பார்க்காததையும், அன்றைக்கு அவர் கண் மங்கவில்லை என்பதையும்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மருந்து போட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது. போனது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம்" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எங் கண்ணு எழுத்து சாம்பல்னு சொல்லிச்சு. நீங்க இல்லன்னு சொன்னீங்க. நான் எங் கண்ண வுட்டுட்டு ஒங்கள நம்பினேன்" என்றார் ரெஜினா அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "மன்னிப்பெல்லாம் இப்பக் கேக்காதீங்க சார். எனக்குக் குடுக்க வரல."

சவரிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "அன்னிக்கி நான் வேற சிரிச்சனே சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என் முன்னால் வேடிக்கையாக எதுவும் பேசிக் கேட்டதில்லை.

6. முடிந்த மட்டும்

அவருக்கு இடப்பக்கம் மறைந்திருந்தது. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது சொல் காணாமல் போகும். இடது ஓரத்தில் அகலமாக வெற்றிடம் விட்டு, எழுத்தெல்லாம் அவருக்குத் தெரியும் பக்கத்தில் ஒரு குறுகிய பத்தியாக விழும்படி கருவியை அமைத்தேன். வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து பழகினார். பங்குச் சாமியாரும் மறுபடி வாசிக்கக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கடைசியில் நின்றேன். மெதுவாகத்தான் வாசித்தார். வரி உடையும் இடமெல்லாம் குரல் நின்றது. பக்கம் புரட்டும்போது நீண்ட அமைதி. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பாதியில் ஒரு வரியைத் தவறவிட்டு, வாசித்த வரியையே மறுபடி வாசித்தார். முடித்துவிட்டு இறங்கி வந்தவர், "எனக்காவ அத்தினி சனமும் காத்துக்கினு நிக்கணுமா? போதும்" என்றார். அதோடு விட்டுவிட்டார். இப்போது சவரிநாதனுக்கு மட்டும் வாசித்துக் காட்டுகிறார்.

கடையில் பச்சை ஸ்டிக்கரை நிறுத்திவிட்டேன். எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்பதை வாயால் சொல்லித்தான் கொடுக்கிறேன். சிலர் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். வாடிக்கையாளர் ஒரு குறையைச் சொன்னால், அது அவருடைய குறை என்று சொல்வதற்கு முன் ஸ்குரூவைக் கழற்றுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

ரெஜினா அம்மா சொட்டு மருந்து போடுகிறார். அவ்வப்போது எனக்குப் போன் வரும். "சார், ஒரு மாரியா இருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். போவேன். அவர் முன்னாலேயே கருவியைத் திறந்து, போர்டில் எழுதிய எண் அப்படியே இருக்கிறதா என்று படித்து, என்னிடம் இருக்கும் இன்னொரு ஈ-ரீடரை அதே பக்கத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

போன மாதமும் போனேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஷினா சார், நானா? மறைக்காம சொல்லுங்க."

இரண்டு திரையும் ஒன்று போலக் கருப்பாக இருந்தன. இன்னொரு முறை சோதித்தேன். தேவையில்லை என்று தெரிந்தும் மூன்றாவது முறையும் சோதித்தேன்.

"நீங்கதாம்மா" என்றேன்.

அவர் தலையசைத்தார். இந்த முறை அதை நம்புவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, மறுநாள் காலை டாக்டரிடம் போக வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வையுங்கள் என்றார்.