மழைக்குழிக்குப் போன உப்பு

எங்கள் கிணற்றைக் கெடுத்தது என் தம்பி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

பாலவாக்கத்தில், கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே எங்கள் வீடு. அப்பா மனை வாங்கியபோது அங்கே சவுக்கும் மணலும்தான். இப்போது கீழே தம்பியும் அவன் மனைவியும், மாடியில் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். வீடும் கொல்லையும் எங்கள் இருவருக்கும் பொது. கிணறும் பொது.

கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் கடையில் கூட வேலை செய்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் அடியில் கடல் உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பதை அளவாக எடுக்கும்வரை கீழே இருப்பது சும்மா கிடக்கும். எங்கள் தெருவில் அடுக்குமாடி வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, ஒவ்வொரு வீட்டுக் கிணறாக உப்பானது. ஊரே கேன் தண்ணீருக்கு மாறியது. எங்கள் உறைக்கிணறு மட்டும் தப்பியது. எங்கள் வீட்டில் கேன் வாங்கியதே இல்லை.

பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. பின் சந்தில் இருக்கிறவர்கள் குடிதண்ணீர் எடுக்க அப்பா வைத்தது. அவரவர் கயிறு அவரவருக்கு. சேந்திவிட்டுக் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு காலத்தில் ஆணி போதாமல் சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கயிறுதான் மிஞ்சியது. அது மீன் விற்கிற அம்மாவுடையது. காலையில் கூடையோடு போவதற்கு முன்பு வந்து குடத்தை நிரப்புவாள். கேன் தண்ணீர் குடித்தால் தாகம் அடங்கவில்லை என்பாள். வாய் சும்மா இருக்காது. என் தம்பியை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

தம்பி பல வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் குழாய், மோட்டார், நீச்சல் குளம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொல்லையில் உப்புத் தண்ணீர்க் குளம் கட்டப் போகிறேன் என்றான். அதில் கொடுவா மீன் விட்டு வளர்ப்பானாம். சாயங்காலம் கரையில் நாற்காலி போட்டு உட்காருவானாம்.

"கடல் நாலு தெரு தள்ளி கீது," என்றேன். "அத்த வூட்டுக்குள்ள இட்டாந்து இன்னா பண்ணப் போற? குடும்பம் நடத்தப் போறியா?"

"உனக்கு எது சொன்னாலும் நக்கல்தாங்க்கா," என்றான். தன் பாதி இடத்தில்தான் வெட்டப் போவதாகச் சொன்னான். மண்ணுக்கு மேலே பாதி பாதி சரி. மண்ணுக்குக் கீழே எங்கே கோடு போடுவது? அதை நான் கேட்டேன். என்னை அண்ணி என்று கூப்பிடும் அவன் மனைவி, அண்ணிக்கு எப்பவும் அபசகுனமாகத்தான் பேச்சு வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்ததும் இயந்திரம் வந்து தோண்டியது. பாதி என்று சொல்லிக் கொல்லையின் முக்கால்வாசி போய்விட்டது. முருங்கை போனது, துணி காயப்போடும் கம்பம் போனது. தோண்டிய மணல் சுவர் உயரத்துக்குக் குவிந்து, காற்றடித்தால் என் சோற்றில் விழுந்தது. குழிக்குக் கனமான கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்கள். வேலை சுத்தம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் தம்பி சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் கிணறு பிழைத்திருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து? கிணற்றிலிருந்துதான். நான் கடைக்குப் போகும்போது ஓடிய மோட்டார் திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பல நாள் அப்படி. ஒரு காலையில் எட்டிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்காத உறைகள் வெளியே தெரிந்தன, கறுத்து, பாசி பிடித்து. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. மீன்கார அம்மா கயிறு எட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றின் நுனியில் எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை முடிந்து கொடுத்தேன்.

மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றில் மளமளவென்று ஏறியது. "பாத்தியா, ஊறிடுச்சி," என்றான் தம்பி. தண்ணீர் ஊறியது என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மரக்காணத்திலிருந்து லாரியில் உப்பு வந்தது. வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் லட்சுமி வருவாள் என்று எங்கள் வீடுகளில் நம்பிக்கை. எல்லோரும் பொட்டலம் வாங்குவார்கள். இங்கே லாரியே வந்துவிட்டது. தம்பி மனைவி முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வலது பக்கமாக உள்ளே எடுத்து வரச் சொன்னாள். லாரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். சின்ன வயதில் தம்பியை முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு இதே கொல்லையில் நான் சுற்றியிருக்கிறேன். அன்று அவன் நிஜ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, உப்பு மூட்டை, உப்பு மூட்டை," என்று என் முன்னால் ஆடினான். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது உண்மை.

ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துக் கொட்டினார்கள். நல்ல தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, பிறகு தெளிந்தது. தெளிந்த பிறகு பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொடுவாக் குஞ்சுகளை விட்டான். மீன்கார அம்மா கதவருகே நின்று பார்த்தாள். "இன்னா நைனா, எனக்குப் போட்டியா கடை போடறியா? சொல்லிட்டு செய், நான் கூடைய உன் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வூட்ல படுத்துக்கறேன்." அவன் வெட்கப்பட்டான். கொஞ்ச நாள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடியில் சேரும் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கிணற்றிலிருந்து புதிதாக நிரப்பி, உப்புப் போடுவான். வெயில் ஏற ஏற இன்னும் அடிக்கடி செய்தான். மீன்கள் கொழுத்தன. இரை போட்டால் தண்ணீரைக் கையால் அறைவது போல் சத்தம் வரும். மாடியில் படுத்திருந்தால் அந்தச் சத்தம் கேட்கும்.

முதலில் கிணற்றோரக் கருவேப்பிலையில் இலை நுனி கருகியது. பூச்சி என்று வேப்பெண்ணெய் அடித்தார்கள். அடுத்து தென்னை ஓலை. வெயில் என்றார்கள். பிறகு என் தலையில் ஷாம்பு நுரைக்கவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நானே திட்டினேன். ஆடி மாதம் ஒரு நாள் குக்கரில் துவரம்பருப்பு வைத்தேன். விசில் போய்க்கொண்டே இருந்தது. திறந்தால் பருப்பு பருப்பாகவே கிடந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அப்படியே, கல் மாதிரி. அந்தத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். நான் இன்னும் உப்பே போடவில்லை.

கீழே இறங்கிப் போய் அந்தக் குக்கரை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஷீட்டில் ஓட்டை இல்லை என்று சத்தியம் செய்தான். கரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினான். வெயிலுக்கு வற்றுவதைத் தவிர இறங்கவில்லை. மூச்சடக்கி உள்ளே இறங்கி மூலை மூலையாகத் தடவினான். ஓட்டை இல்லை. அடுக்குமாடிக்காரர்கள் உறிஞ்சுவதால் கடல் உள்ளே வருகிறது, ஊர் முழுக்க இதே கதைதான் என்றான். அது பொய்யும் இல்லை. தம்பி மனைவி ஒரு கேனை வரவழைத்துவிட்டாள். எங்கள் வீட்டுப் படியேறிய முதல் கேன்.

மீன்கார அம்மா எப்போதும் போல வந்தாள். முன்பைவிட மெதுவாகச் சேந்தினாள். ஒரு காலையில் மட்டும், "தண்ணி கொஞ்சம் ருசி மாறிக்கினு கீதுக்கா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். தம்பி குளத்தின் அந்தக் கோடியில் அழுக்குத் தண்ணீரைத் திறந்தான். என் காலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மழைக்குழி உண்டு. மாடியில் விழும் மழை குழாய் வழியாக அதில் இறங்கி, ஜல்லியில் வடிந்து, மண்ணுக்குள் போகும். ஊரே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய கோடைக்குப் பிறகு நாங்களும் வெட்டினோம். கிணற்றுக்கு ஒட்டினாற்போல வெட்டினோம், கிணறு நன்றாக ஊற வேண்டும் என்று. மழை நின்றதும் அந்தக் குழியில் காது வைத்துக் கேட்டிருக்கிறோம். கோயில் மாதிரி அதன் மேல் செருப்புக் காலோடு நிற்க மாட்டோம்.

மூடியைத் தூக்கினேன். மாடிக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாய். அதிலிருந்து பச்சையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். "இந்தக் குழா எங்கேர்ந்து வருது?"

"குளத்துலேர்ந்து. வழியுற தண்ணி போவ. அடியில தொறக்கறதும் இதுலதான் சேருது." நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. "மழை பேஞ்சா குளம் ரொம்புமில்ல. அத்த தெருவுல வுட்டா வேஸ்ட்டுக்கா. பிளம்பர் கேட்டாரு, மழைத்தண்ணி எல்லாம் குழிக்குத்தானேன்னு. ஆமான்னேன். மழைத்தண்ணிதானே..."

அங்கே அவன் பேச்சு நின்றது. குழியில் கொட்டுவது நிற்கவில்லை.

கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்து, அதில் உப்பைக் கரைத்து, வாரா வாரம் கிணற்றுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். ஒரு சொட்டு மழை வீணாகக் கூடாது என்கிற நல்ல புத்தியால். இந்த நல்ல புத்தியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டிவிட்டாவது ஓய்ந்திருப்பேன்.

அன்றே அந்தக் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தான். குளத்தைக் காலி செய் என்றேன். அப்போதுதான் தெரிந்தது, அதைக் காலி செய்ய முடியாது என்று. அந்த உப்பை எங்கே கொட்டுவது? கொல்லையில் விட்டால் கிணற்றுக்குத்தான் போகும். தெருவில் விட்டால் மணலில் இறங்கி அங்கேதான் வரும். தண்ணீர் லாரிக்காரர்கள் உப்பு என்றதும் போனை வைத்தார்கள், டாங்க் துருப்பிடித்துவிடுமாம். கடலுக்குக் குழாய் போடலாம் என்றால் நாலு தெருக்காரர்களும் வாசல் வழியாக விடமாட்டோம் என்றார்கள். ஆவியாகட்டும் என்று விட்டோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, உப்பு இறங்கவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. கடலுக்கு மேலே தினமும் சாயங்காலம் மேகம் கட்டிக் கலைந்தது.

ஐப்பசியில் புயல் என்று கடையை மதியமே மூடினார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே குஷி. ஏரி ரொம்பிடும், அடுத்த கோடைக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தூறலைப் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்து மழை வேண்டாம் என்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தபோது குளம் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொட்டித் தீர்த்த உப்புச் சாக்குகளில் மணலை அள்ளி, கிணற்றுப் பக்கக் கரையில் தம்பி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் புடவையைச் செருகிக்கொண்டு சாக்கைப் பிடித்தேன், அவன் மனைவி மணலைத் தள்ளினாள். பொழுது இருக்கும்போதே இருட்டிவிட்டது. தண்ணீர் சாக்குகளுக்கு நடுவே முதலில் விரல் அகலத்துக்கு வந்தது. அங்கே ஒன்றை வைத்தால் இன்னொரு இடத்தில் வந்தது. பிறகு மொத்தமாக மேலே ஏறி வந்தது, அவசரமே இல்லாமல். கொல்லை முழுக்க ஒரே தண்ணீர். எது மழை, எது குளம் என்று தெரியவில்லை. ஒரு கொடுவா எங்கள் கால்களுக்கு நடுவே நெளிந்துகொண்டு, மழைக்குழியின் மூடிப் பக்கம் போனது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு கையில் சாக்கோடு அப்படியே நின்றான்.

மழை விட்ட காலையில் மீன்கார அம்மா பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிணறு கைக்கு எட்டுகிற அளவுக்கு நிறைந்திருந்தது. சேந்தினாள். கையில் ஊற்றி வாயில் வைத்தாள். சுவரோரமாகப் போய்த் துப்பினாள்.

தம்பி மனைவி ஒரு பெரிய கொடுவாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"எனக்கெதுக்கும்மா மீனு," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

பிறகு ஆணியிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். அதன் நுனியில் நான் கோடையில் முடிந்து கொடுத்த கொடிக்கயிறு இருந்தது. நனைந்து இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, எங்கள் கயிற்றுத் துண்டை என் கையில் கொடுத்தாள். தன்னுடையதைச் சுற்றிக் காலிக் குடத்துக்குள் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு மழை பேஞ்சா கழுவிக்கினு போய்டும்," என்று தம்பி குளத்தோரம் நின்று சொன்னான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. குளம் அப்போதும் முட்ட முட்ட நிறைந்திருந்தது. கடல் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் போன பிறகு பின்கதவைத் தாழ் போடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழே இல்லை. அப்பா வைக்கவே இல்லை.