அக்னி மூலைக்குப் போன குழாய்

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஹாலில் நிமிர்ந்து நடக்க முடியாது. குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருப்போம். என் லுங்கியை விலக்கினால் மனைவியின் நைட்டி, நைட்டியை விலக்கினால் துண்டு, துண்டையும் விலக்கினால்தான் டிவி. மொட்டை மாடி வீட்டுக்காரருக்குச் சொந்தம். கீழ்ப் போர்ஷனை வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. நாள் கணக்கில் தொங்கினாலும் துணி காயாமல் நனைந்த நாய் மாதிரி வாடை அடிக்கும். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை ஏறும். கூடவே என் மனைவிக்கு வீசிங்கும் ஏறும்.

டாக்டர், "ஈரத் துணிய வீட்டுக்குள்ள காயப்போடாதீங்க" என்றார்.

"வேற எங்க போடுறது டாக்டர்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க."

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் வீடு கட்டினோம். ஊரில் எல்லோரும் கௌரவத்துக்காக வீடு கட்டுவார்கள். நாங்கள் ஒருத்தி ஒழுங்காக மூச்சு விடுவதற்காகக் கட்டினோம். அதனால்தான் சோபா வாங்குவதற்கு முன்னால், டைனிங் டேபிள் வாங்குவதற்கு முன்னால், பாண்டியில் ஒரு பெரிய கடைக்குப் போய் டிரையர் வாங்கினோம். அடுப்பு மூட்டாத குறையாக எல்லாம் செய்கிற மெஷின். ஈரத் துணியைப் போட்டால் காய வைத்து, அந்த ஈரத்தைச் சூடான காற்றாக ஒரு குழாய் வழியே வெளியே தள்ளிவிடும்.

கடைக்காரப் பையன் சுருக்கமாகச் சொன்னான். "மெஷினுக்குப் பின்னாடியே சுவத்துல ஓட்டை போட்டுடுங்க சார். குழாய் எவ்ளோ குட்டையா இருக்குதோ அவ்ளோ நல்லது."

துணி துவைக்கிற அறை வீட்டின் வடமேற்கில், அதாவது வாயு மூலையில் அமைந்திருந்தது. மேஸ்திரி சுவரில் கரிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். மனைவி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "போதும், போடுங்க" என்றாள். ஒரு காலை வேளையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது.

என் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும், பக்கத்திலிருப்பவரிடம் "இது திண்டிவனம் நிக்கும் இல்ல?" என்று கேட்கிற ஜென்மம் நான். சுவரில் ஓட்டை போடுகிற சமாச்சாரத்தை யாரையும் கேட்காமல் விடுவேனா? வாஸ்து பார்த்துக் கொடுத்த பெரியவருக்குப் போன் போட்டேன்.

"சாமி, வாயு மூலையில ஒரு ஓட்டை போடுறோம். காத்து வெளிய போறதுக்கு."

"வாயு மூலையில காத்து போனா நல்லதுதானப்பா. போடு."

அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் இன்று எழுத எனக்கு விஷயம் இருந்திருக்காது. நிம்மதி இருந்திருக்கும்.

"ஆனா கொஞ்சம் சூடான காத்து சாமி."

"எவ்ளோ சூடு?" என்றார்.

"துணி காயுற அளவுக்கு."

"அப்ப அதுல அக்னி கலந்துகினு இருக்குது. வாயு மூலையில அக்னி பூந்துச்சுன்னா வீட்டுப் பொம்பளைக்கு ஆவாது. அக்னி மூலைக்குக் கொண்டு போயிடு."

வீட்டுப் பொம்பளைக்கு ஆவாது. அவருக்கு அவள் வீசிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. குருட்டாம்போக்கில் எறிந்த கல் சரியாக என் மண்டையில் வந்து விழுந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, அவருதான் போடுன்னாரு இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு நோண்டினீங்க?"

"உனக்கு ஆவாதுன்றாரும்மா."

"எனக்கு ஆவாததை எங்கிட்ட கேளுங்க. எனக்கு ஈரம் ஆவாது. அவ்ளோதான்."

வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு. ஒரு வீட்டுக்குள் இதைவிடத் தூரமான பயணம் கிடையாது. மேஸ்திரி காதில் செருகிய பென்சிலை எடுத்து, திரும்பச் செருகி, "செஞ்சிடலாம் சார்" என்றார். கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியும், உலகத்திலேயே ஆபத்தான வாக்கியம் அதுதான். ஹால் சீலிங்கில் லைட்டுகள் வரிசையாக இருந்ததால், குழாய் மேற்குச் சுவரோரம் போய், எங்கள் படுக்கையறையின் பால்ஸ் சீலிங்குக்கு மேலே திரும்பி, தெற்குச் சுவரைப் பிடித்து, சமையலறைப் பக்கம் வெளியேறியது. கையால் அழுத்தினாலே நசுங்குகிற வெள்ளிக் காகிதக் குழாய். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு இணைப்பு, ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்குரூ. அவற்றின் முனை குழாய்க்குள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கிற ஸ்குரூ யாருக்கு சார் தெரியப் போவுது?" என்றார் மேஸ்திரி.

குழாயின் வாய் தெருவைப் பார்த்தபடி அசிங்கமாகத் தெரிந்தது. எப்படியும் புது வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை மாட்ட வேண்டும். கோரைப்பல், நீண்ட நாக்கு, முழித்த கண் என்று நல்ல முகமாகப் பார்த்து வாங்கி, அந்த ஓட்டையின் மேலேயே மாட்டினேன். ஒரே ஆணியில் இரண்டு வேலை என்று எனக்குப் பெருமை. முதல் நாள் மெஷினை ஓட்டியதும் பூதத்தின் வாயிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. எதிர்வீட்டம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், உங்க வூட்டு பூதம் பீடி குடிக்குது!"

தெரு முழுக்க அதையே பேசிச் சிரித்தது. நான் ஆபீஸிலும் போய்ச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்த மழைக்காலத்தில் என் மனைவி பஞ்சு மாதிரி காய்ந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, "வெயில் வாடை அடிக்குதுங்க" என்றாள். இந்த வீட்டைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மெஷினில் ஒரு வடிகட்டி உண்டு. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் படியும். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நான் தவறாமல் எடுத்தேன். எடுத்ததை உருட்டி, பல் விளக்கிவிட்டுப் பல்லைக் காட்டுகிற பிள்ளை மாதிரி அவளிடம் கொண்டு போய்க் காட்டுவேன். ஆனால் வடிகட்டியைத் தாண்டியும் பஞ்சு போகும், குழாயையும் அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரயில் நிற்குமா, காற்றில் எவ்வளவு சூடு என்று ஊரையெல்லாம் கேட்ட நான், கேட்க வேண்டிய அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பூதம் பீடியைக் குறைத்துக்கொண்டது. ஆவி மெல்லிசாக வந்து, பிறகு வருவதே தெரியாமல் போனது. மெஷின் செட்டாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு தடவையில் காய்ந்த துணிக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். மனைவிக்கு மறுபடி இழுப்பு வந்தது. அதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. திருவக்கரைக்குப் போய் அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, பூதத்தின் கழுத்தில் மிளகாயோடு சேர்த்துக் கட்டினேன்.

அவள் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி சொன்னாள். "ஏங்க, மேல இருந்து ஒரு வாடை வருது. பழைய வீட்டு வாடை."

"புது வீட்டுல எப்படிம்மா பழைய வீட்டு வாடை வரும்? பெயின்ட்டா இருக்கும்."

"பெயின்ட் வாடை எனக்குத் தெரியாதா?"

"மேல சீலிங்தான இருக்குது."

"அதத்தான் சொல்றேன்."

நான் ஊதுவத்தி ஏற்றி வைத்தேன். இழுப்புக்காரிக்கு ஊதுவத்தி. இப்படிப்பட்ட புருஷனை வைத்துக்கொண்டுதான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று துணி கருகுகிற வாடை. "தீ! தீ!" என்று கத்தினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். அதுவரை நான் செய்தது சரி. அதற்கப்புறம் கைக்கு எட்டிய, நான் விலைமதிப்பற்றது என்று அந்த நொடியில் முடிவு செய்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டம்மா குடையோடு ஓடி வந்தார். "இன்னா சார் ஆச்சி?"

"தீங்க! வூட்டுக்குள்ள தீ!"

"அய்யோ, வூட்டம்மா எங்க சார்? கையில இன்னாது அது?"

குனிந்து பார்த்தேன். இட்லி மாவுக் குண்டான். மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக மாவில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் மனைவி வாசலுக்கு வந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் இன்ஹேலர். இருட்டில் அதைத் தானே தேடி எடுத்துக்கொண்டு, தானே நடந்து வந்திருக்கிறாள். கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. என்னைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள்.

"மாவ..." என்றாள். மூச்சு வாங்கினாள். "காப்பாத்திட்டீங்க... இல்ல?"

தீ ஒன்றும் இல்லை. அடைத்துக்கொண்ட சூட்டில் மெஷினுக்குள் பஞ்சு கருகியிருக்கிறது, அவ்வளவுதான். கூடியவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்க அவளிடம் மூச்சு இல்லை.

சகலையின் காரில் விழுப்புரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து அதே ஊரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு. "அக்கா கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் மாமா" என்றாள் மச்சினி. நான் தலையாட்டினேன். மாவுக் குண்டானோடு ஓடியவனுக்கு அதற்குமேல் பேச என்ன யோக்கியதை?

மறு வாரம் சீலிங்கைப் பிரித்தோம். மேஸ்திரி ஏணியில் நின்று இழுக்க, குழாய் இரண்டாகக் கழன்று வந்தது. திருப்பத்தில் ஸ்குரூ முனைகளில் பஞ்சு சிக்கி, அதன்மேல் பஞ்சு சேர்ந்து, தலையணை மாதிரி அடைத்திருந்தது. அதில் எங்கள் துணியெல்லாம் தெரிந்தது: என் நீல லுங்கி, அவள் அரக்கு நைட்டி, மஞ்சள் துண்டு. வெளியே போக வழியில்லாத ஈரம் இணைப்பைப் பிளந்துகொண்டு சீலிங்குக்குள் இறங்கியிருந்தது. பலகையின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அதில் ஆகக் கறுப்பான இடத்துக்கு நேர் கீழே அவள் தலை வைக்கிற இடம். விழுப்புரத்து வீட்டில் நாலு பக்கமும் பரவிக் கிடந்த ஈரத்தை, நான் குழாய் போட்டு அவள் மூக்குக்கே கொண்டு வந்து சேர்த்திருந்தேன்.

"இது வாஸ்துல வந்த கோளாறு சார். என் வேலைல ஒண்ணுமில்ல" என்றார் மேஸ்திரி.

"நான் மூலைதானப்பா சொன்னேன். குழாய நானா போட்டேன்?" என்றார் வாஸ்து பெரியவர்.

மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக், "இவ்ளோ நீளம் போடச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அந்தப் பஞ்சுத் தலையணையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி பழைய இடத்தில், வாயு மூலையில், மெஷினுக்குப் பின்னாலேயே ஓட்டை போட்டார். கரிக்கட்டி வட்டம் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் லேசாகத் தெரிந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கெட்டியான தகரக் குழாய், முழங்கை நீளம்கூட இல்லை. மெஷினைப் போட்டதும் வெளியே கை வைத்துப் பார்த்தேன். காற்று கையைத் தள்ளியது. சீலிங் மாற்றி, சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். பூதம் வாயை மூடிக்கொண்டு அக்னி மூலையிலேயே இருக்கிறது. பின்னால் ஓட்டையை அடைத்தாயிற்று.

பொங்கலுக்கு அவள் வந்தாள், தங்கையோடு. ஹாலில் உட்கார்ந்தாள், பொங்கல் சாப்பிட்டாள். புதுக் குழாயைக் காட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்றாள். படுக்கையறை வாசல்வரை போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பூஞ்சை இல்லை, வாடை இல்லை, நானே முகர்ந்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கை தானாக இடுப்பில் செருகிய இன்ஹேலரைத் தொட்டது.

"எல்லாம் மாத்திட்டேம்மா. இப்ப ஒண்ணும் வராது."

"தெரியும். எனக்குத் தெரியுதுங்க. மூச்சுக்குத் தெரியமாட்டேங்குது."

சாயங்காலம் தங்கையோடு திரும்பிப் போய்விட்டாள். அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. தங்கை வீட்டு மாடி முன்னறையில் அவளுக்கு நல்ல காற்று வருகிறது. இழுப்பு இல்லை. அது எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகவே. திண்டிவனத்து வீட்டில் நானும் மெஷினும் இருக்கிறோம்.

தங்கை வீட்டிலும் மழைக்காலத்தில் துணி காயாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விழுப்புரத்தில் ஆபீஸ் முடிந்ததும் அங்கே போய், டீ குடித்துவிட்டு, அவள் துவைத்துப் பிழிந்த துணியைப் பையில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறேன். விடியற்காலையில் வீட்டில் காய வைத்து, மடித்து, கொண்டு போய்க் கொடுக்கிறேன். அவள் வாங்கும்போது தினமும் அதே கேள்வி: "பஞ்சு எடுத்தீங்களா? குழாயப் பாத்தீங்களா?" இரண்டும் செய்தேன் என்றால் துண்டை முகத்தில் வைத்துப் பார்க்கிறாள். வெயில் வாடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் காலை ரயிலில் பை என் மடியில் இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் தினமும் வருகிற ஒருவர் எட்டிப் பார்த்து, "டெய்லி பார்க்கிறேன். இன்னா சார், இஸ்திரி கடை வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"பிசினஸ் எப்படிப் போவுது?"

"ஒரே ஒரு கஸ்டமர்தான். ரொம்பக் கறாரான ஆளு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பையின் வாயை இழுத்து மூடி, சூடு போகாமல் அணைத்துக்கொண்டேன். பிறகு அவரிடமே, "இது விழுப்புரம் நிக்கும் இல்ல?" என்று கேட்டேன்.