கொறங்காட்டு மண்ணை நான் புகழ்ந்தது

மல்லசமுத்திரம் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு கொறங்காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆடு மேய்ச்சல். யாரும் உழுததில்லை. மண்ணியல் படிக்கிற எனக்குச் சும்மா இருக்க முடியுமா? அங்கே ஒரு பை மண், ஒரே வகைத் தீவனப்புல் மட்டும் போட்ட பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பை மண் என்று எடுத்துப்போய்ச் சோதித்தேன்.

கொறங்காட்டு மண்ணில்தான் கரிமமும் தழைச்சத்தும் அதிகம். முடிவு கைக்கு வந்ததும், எங்கள் வீடு இருக்கும் சூரமங்கலத்திலிருந்து மாமா ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மாமாவிடம் மூச்சுவிடாமல் பேசினேன். கொழுக்கட்டைப் புல், கொழிஞ்சி, நரிப்பயறு எல்லாம் கலந்து கிடப்பதால்தான் இப்படி. ஒன்றின் வேர் மேலாக ஓடும், இன்னொன்று ஆழத்துக்குப் போகும். பயறுச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துத் தரும். செத்த வேரெல்லாம் கரிமமாக மண்ணிலேயே தங்கும். ஒற்றைப் புல்லால் இத்தனையும் ஆகாது.

"அப்ப நம்ம காட்டுலயே இதாஞ் சாமி நல்ல மண்ணு?"

"இந்தச் சுத்துலயே இப்படி மண்ணு இருக்காதுங்க மாமா."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அதப் போயி ஆட்டுக்கு உட்டுட்டு உக்காந்திருக்கறனே. குச்சிக்கிழங்கு போட்டறலாம்" என்று மாமா மரவள்ளிக்குத் தாவிவிட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். "சும்மா கெடந்த மனுசனக் கெளப்பி உட்டுட்டயே சாமி. இனி ஆட்டயெல்லாம் உன்ற காலேசுலயா கட்டறது?"

பதறிப்போய், "உழுதா சேந்ததெல்லாம் காத்துல போயிருமுங்க மாமா. மறுபடி சேர என்ற ஆயுசே பத்தாது" என்றேன்.

மாமா யோசித்தார். "போறது போகட்டும். மொத வெள்ளாமைக்குச் சத்துக் கெடைக்குமா, கெடைக்காதா?"

கிடைக்கும். புல்லும் வேரும் மக்கும்போது தழைச்சத்து வெளிவரும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பார். நான் படித்த பிள்ளை.

"கெடைக்குமுங்க" என்றேன்.

மழை பெய்ததும் டிராக்டர் இறங்கியது. அத்தை ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார்.

பத்து மாதம் கழித்து, நேற்று வீட்டுக்கு ஒரு சாக்குக் கிழங்கு வந்தது. ஒவ்வொன்றும் தொடைத் தண்டி. பின்னாலேயே மாமாவின் போன். "நீ சொன்னது அப்படியே பலிச்சுருச்சு சாமி. வந்து இன்னொருக்கா மண்ணெடுத்துப் பாரு."

"வாரேனுங்க மாமா."

இந்த முறை கரிமம் குறைந்துதான் வரும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறத்தான் கால் வரவில்லை.

அம்மா கிழங்கை அவித்து வைத்தாள். மாவாக வெந்திருந்தது. பசியில் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டேன்.